கேட்டவருக்குக் கிடைத்ததா? ஆதரவு வலையமைப்பை அமைக்கவும் அளக்கவும் ஒரு வழிகாட்டி

அக்கம்பக்கத்தினரோ, ஒரே நோயுடன் வாழ்பவர்களோ, ஒரே இடத்தில் வேலை செய்பவர்களோ ஒருவருக்கொருவர் துணையாக இருக்க ஓர் அமைப்பைத் தொடங்க நினைக்கும்போது, பெரும்பாலும் முதலில் நடப்பது ஒரு வாட்ஸ்அப் குழுவை உருவாக்கித் தெரிந்தவர்கள் எல்லோரையும் அதில் சேர்ப்பதுதான். சில வாரங்களில் உறுப்பினர் எண்ணிக்கை நூறைத் தாண்டிவிடும். காலை வணக்கங்களும் எங்கிருந்தோ வந்த காணொளிகளும் நிறைந்துவிடும். ஆனால் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய ஒருவர் மருந்து வாங்கிவர ஆள் கேட்டாரே, யாராவது போனார்களா என்று விசாரித்தால் அந்தக் குழுவில் எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கேட்கப்பட்ட ஒவ்வோர் உதவியும் என்ன ஆயிற்று என்று எழுதிவைக்கும் வழக்கம் இருந்தால், கையிலிருக்கும் தொழில்நுட்பம் எளிமையானதாக இருந்தாலும் அமைப்பு வேலை செய்யும். அந்த வழக்கம் இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல செயலியும் அரட்டைக் களமாகவே முடியும். அதனால்தான் எந்தச் செயலி என்ற கேள்வி இக்கட்டுரையில் சற்றுத் தாமதமாக வருகிறது.

முதலில் எல்லை

யாருக்காக, எவ்வகை உதவிகளுக்காக, எவற்றை இந்த அமைப்பு செய்யாது என்ற மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். நெஞ்சுவலி, தீ, வன்முறை போன்றவற்றில் அவசர சேவையை நேரடியாக அழைக்க வேண்டும் என்பதையும், பணக்கடன், மருத்துவ ஆலோசனை போன்றவை இங்கே கிடைக்காது என்பதையும் முதல் நாளிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டால், பின்னர் வரும் மனக்கசப்புகளில் பெரும்பகுதி தவிர்க்கப்படும்.

தொடக்கத்தில் முப்பது முதல் ஐம்பது பேர் வரை போதும். ஒருவரால் நிலையாகப் பேண முடிகிற உறவுகள் சுமார் 150 என்று மானிடவியலாளர் ராபின் டன்பார் 1990களில் கணித்தார். அந்த எண்ணைப் பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை என்றாலும், ஒருவரையொருவர் முகமறிந்து உதவ வேண்டிய அமைப்பு அதைவிட வெகு சிறியதாகவே தொடங்க வேண்டும் என்பதை நடைமுறையும் காட்டுகிறது. ஆள் சேரச் சேர ஒரே குழுவைப் பெருக்குவதைக் காட்டிலும், அதே அமைப்பைக் கொண்ட இன்னொரு சிறு குழுவைத் தொடங்கி இரண்டையும் இணைப்பது நல்லது.

படிவத்தில் எதைக் கேட்பது

கூகுள் ஃபார்ம் போன்ற ஒரு படிவத்தை உருவாக்கி, உறுப்பினர்களாகச் சேரும் அனைவரும் அதை நிரப்புமாறு கேட்டுக்கொள்ளுங்கள். இணைய இணைப்பு அடிக்கடி துண்டிக்கப்படும் இடங்களில் கோபோ டூல்பாக்ஸ் அல்லது ஓடிகே பொருத்தமாக இருக்கும். இவற்றில் இணைப்பே இல்லாமல் கைப்பேசியில் படிவத்தை நிரப்பிவைத்து, இணைப்புக் கிடைத்தபின் அனுப்பிக்கொள்ளலாம். படிவத்தைத் தாமாக நிரப்ப இயலாதவர்களிடம் ஒருவர் நேரில் சென்று கேட்டு நிரப்ப வேண்டும். இந்த வேலையைத் தவிர்த்தால் உதவி அதிகம் தேவைப்படுபவர்களே பட்டியலில் இல்லாமல் போவார்கள்.

“உதவி செய்ய விருப்பமா?” என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்றே பதில் அளிப்பார்கள்; அந்தப் பதிலால் எந்தப் பயனும் இல்லை. “வார நாட்களில் மாலை ஆறு மணிக்குப் பிறகு ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல முடியுமா?”, “ஒரு மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள முடியுமா?”, “இரவில் தொலைபேசியில் பேசத் துணையாக இருக்க முடியுமா?” என்று நேரத்தையும் செயலையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். அதே படிவத்தில், அதே நபரிடம், அவருக்கு எவ்வகை உதவி தேவைப்படலாம் என்பதையும் கேட்டுவிட வேண்டும். உதவுபவர்களுக்கு ஒரு படிவம், உதவி பெறுபவர்களுக்கு இன்னொரு படிவம் என்று பிரித்துவிட்டால் முதல் நாளிலேயே அது கொடுப்பவர், வாங்குபவர் என்ற இரு வரிசையாகிவிடும். வாங்குபவர் வரிசையில் நிற்க யாருக்கும் மனம் வராது.

சேகரிக்கும் விவரங்களை யார் பார்ப்பார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், விலக விரும்பினால் யாரிடம் சொல்ல வேண்டும் ஆகிய மூன்றையும் படிவத்தின் தொடக்கத்திலேயே எளிய சொற்களில் எழுதி ஒப்புதல் பெறுங்கள். பிறந்த தேதி, வருமானம், நோயின் பெயர் போன்றவற்றை, குறிப்பிட்ட ஒரு பயன்பாடு இருந்தாலொழியக் கேட்க வேண்டாம். கையில் இல்லாத தகவல் ஒருபோதும் கசியாது.

கோரிக்கைப் பதிவேடு

அமைப்பின் முதுகெலும்பு இதுதான். வேறு எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்கக் கூடாது. ஒரு விரிதாளில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு வரி ஒதுக்கி, கோரிக்கை எண், வந்த நாளும் நேரமும், உதவியின் வகை, கேட்டவரின் குறியெண், உதவப் பொறுப்பேற்றவரின் குறியெண், பொறுப்பேற்ற நேரம், முடிந்த நேரம், நிலை, கேட்டவரின் சொல் ஆகிய பத்திகளை அமையுங்கள். பெயர்களும் தொலைபேசி எண்களும் இந்தத் தாளில் வரவே கூடாது. எந்தக் குறியெண் யாருக்குரியது என்ற பட்டியலை வேறொரு கோப்பில், இருவர் மட்டும் திறக்கக்கூடியதாக வைத்திருக்க வேண்டும்.

நிலை என்ற பத்தியில் நான்கு சொற்களுக்கு மட்டும் இடம் கொடுங்கள்: வந்தது, ஏற்கப்பட்டது, முடிந்தது, நிறைவேறவில்லை. விரிதாள்களில் தரவுச் சரிபார்ப்பு வசதியைப் பயன்படுத்தி இந்நான்கையும் தேர்வுப்பட்டியலாக அமைத்துவிட்டால், ஒருவர் “ஆச்சு” என்றும் மற்றொருவர் “முடிஞ்சது” என்றும் எழுதிப் பின்னர் எண்ண முடியாமல் போகும் தொல்லை இருக்காது. ‘நிறைவேறவில்லை’ என்ற நிலையைப் பதிவு செய்யப் பலரும் தயங்குகிறார்கள். ஆனால் எந்த வகை உதவி, எந்த நேரத்தில், ஏன் கிடைக்காமல் போகிறது என்று அந்த வரிகளைத் தவிர வேறெதுவும் உங்களுக்குச் சொல்லாது. அவற்றை எழுதிவைப்பவரைப் பாராட்டும் வழக்கம் குழுவில் இருக்க வேண்டும்.

‘முடிந்தது’ என்று குறிக்கும் உரிமை உதவியவருக்கு இருக்கக் கூடாது. அந்த வாரப் பொறுப்பாளர் கேட்டவரை அழைத்து, தேவை தீர்ந்ததா என்று விசாரித்து, அவர் சொன்னதை ஓரிரு சொற்களில் கடைசிப் பத்தியில் எழுதிய பின்னரே அந்த வரி மூடப்பட வேண்டும். இது கூடுதல் வேலைதான். ஆயினும் மருந்து வாங்கிக் கொடுக்கப்பட்டது, ஆனால் தவறான அளவு வந்தது என்பது போன்ற செய்திகள் இந்த ஓர் அழைப்பில் மட்டுமே வெளிப்படும்.

பொறுப்பாளர் பணியை வாரந்தோறும் ஒருவருக்கு மாற்றிக்கொண்டே இருங்கள். யாருடைய வாரம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தால், எல்லோரும் பார்த்துவிட்டு வேறு யாராவது பதில் சொல்வார்கள் என்று விட்டுவிடும் நிலை வராது.

வழித்தடங்கள்

உறுப்பினர்கள் ஏற்கனவே எதைப் பயன்படுத்துகிறார்களோ அதையே வழித்தடமாகக் கொள்ளுங்கள். புதிய செயலியை நிறுவச் சொன்னால் முதியவர்களையும் பழைய கைப்பேசி வைத்திருப்பவர்களையும் அப்போதே இழப்பீர்கள். வாட்ஸ்அப் குழுவில் 1024 பேர் வரை சேரலாம் என்றாலும், சாதாரணக் குழுவில் ஒவ்வொருவரின் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும் என்பதை மறக்க வேண்டாம். 2022இல் அறிமுகமான, பல குழுக்களை ஒன்றிணைக்கும் கம்யூனிட்டி வசதியிலுள்ள அறிவிப்புக் குழுவில் அட்மின்கள் மட்டுமே எழுத முடியும். சக உறுப்பினர்களின் எண்கள் பொதுவாக மறைந்திருக்கும். பொது அறிவிப்புகளை அங்கே வைத்துவிட்டு, கோரிக்கைகளைப் பொறுப்பாளரின் தனி எண்ணுக்கு அனுப்பச் செய்வது நல்ல ஏற்பாடு. தன் குடும்பச் சிக்கலை முழுக் குழுவின் முன் எழுத எவரும் விரும்புவதில்லை.

குறுஞ்செய்தி அனுப்பும்போது ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஆங்கில எழுத்துகளில் ஒரு குறுஞ்செய்தி 160 குறியீடுகளைக் கொள்ளும். தமிழில் எழுதினால் 70 மட்டுமே கொள்ளும். மேலும் ‘க்’, ‘கி’, ‘கோ’ போன்ற எழுத்துகள் ஒவ்வொன்றும் இரண்டு குறியீடுகளாகக் கணக்கிடப்படுகின்றன. ஆகவே மொத்தமாகச் செய்தி அனுப்பும் சேவைக்குக் கட்டணம் செலுத்துபவர்கள் வாசகத்தைச் சுருக்கமாக அமைக்காவிட்டால் ஒரு செய்திக்குப் பதில் இரண்டு மூன்றுக்குப் பணம் கட்ட நேரும்.

மின்சாரமோ இணையமோ இல்லாத நேரத்துக்காகத் தொலைபேசி அழைப்புச் சங்கிலி ஒன்றைத் தாளில் எழுதிவையுங்கள். ஒருவர் ஐவரை அழைத்து, அந்த ஐவரும் ஆளுக்கு ஐவரை அழைத்தால் இரண்டே சுற்றில் தொடங்கியவரையும் சேர்த்து 31 பேருக்குச் செய்தி தெரிந்துவிடும். நடுவில் ஒருவர் எடுக்காவிட்டால் அவருக்குக் கீழுள்ள ஐவரும் விடுபட்டுப் போவார்கள் என்பதால், கடைசி வரிசையில் உள்ளவர்கள் தொடங்கியவரைத் திரும்ப அழைத்துச் செய்தி வந்ததாகச் சொல்ல வேண்டும் என்பதை விதியாக்குங்கள்.

பதிவேட்டிலிருந்து வரும் எண்கள்

மாதம் ஒருமுறை கணக்கிட நான்கு எண்கள் போதும். வந்த கோரிக்கைகளில் எத்தனை நிறைவேறின என்ற விகிதம் முதலாவது. எவ்வளவு நேரத்தில் ஒருவர் பொறுப்பேற்றார் என்பது இரண்டாவது. இதற்குச் சராசரியைக் கணக்கிடாமல் இடைநிலை அளவை, அதாவது நேரங்களை ஏறுவரிசையில் அடுக்கினால் நடுவில் வருவதை, கணக்கிடுங்கள். ஐந்து கோரிக்கைகளுக்கு முறையே 2, 3, 4, 5, 86 மணி நேரத்தில் ஆள் கிடைத்ததாக வைத்துக்கொண்டால், சராசரி 20 மணி நேரம். இடைநிலை அளவு 4 மணி நேரம். வழக்கமாக நடப்பதைக் காட்டுவது இடைநிலை அளவுதான். ஆனால் அந்த 86 மணி நேரக் காத்திருப்பு அதில் மறைந்துவிடுகிறது என்பதால், மிக நீண்ட காத்திருப்பு எது என்பதையும் அருகிலேயே எழுத வேண்டும். அதே மாதத்தில் இன்னும் ஐந்து கோரிக்கைகளை யாருமே ஏற்கவில்லை என்றால், அவற்றுக்கு நேரமே கிடையாது. எனவே அவை இந்தக் கணக்கிலேயே வராது. பாதிப்பேருக்கு உதவி கிடைக்காத மாதத்திலும் ‘இடைநிலை அளவு 4 மணி நேரம்’ என்று பெருமையாக அறிவிக்க முடியும் என்பதால்தான், நிறைவேறிய விகிதத்தைச் சொல்லாமல் நேரத்தை மட்டும் தனியே சொல்லக் கூடாது.

மூன்றாவது, சுமைப் பங்கீடு. செய்யப்பட்ட உதவிகளில் பாதியை எத்தனை பேர் செய்தார்கள் என்று பாருங்கள். நாற்பது பேர் கொண்ட குழுவில் அந்தப் பாதியை மூவரே செய்திருந்தால், மற்ற எண்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் குழு அந்த மூவரின் உடல்நலத்தை நம்பி நிற்கிறது. நான்காவது, இருவழித்தன்மை: கடந்த ஆறு மாதங்களில் ஒருமுறையாவது உதவி செய்து, ஒருமுறையாவது உதவி பெற்றவர்கள் எத்தனை பேர் என்பது. இந்த எண் மெல்ல உயர்வதே நல்ல அறிகுறி. உறுப்பினர் எண்ணிக்கையையும் செய்திகளின் எண்ணிக்கையையும் அறிக்கையில் சேர்க்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அவை எளிதில் கிடைப்பவை, எப்போதும் உயர்ந்துகொண்டே இருப்பவை. அதனால்தான் கவனத்தைத் திசைதிருப்புகின்றன.

உதவிய மணி நேரங்களைக் கணக்கு வைக்கும் முறையும் உண்டு. அமெரிக்கரான எட்கர் கான் 1980இல் முன்வைத்த நேர வங்கியில் யார் எந்த வேலை செய்தாலும் ஒரு மணி நேரம் ஒரு மணி நேரமாகவே மதிக்கப்படும். உழைப்பைக் கண்ணுக்குத் தெரியச் செய்வதில் அது சிறந்தது. ஆனால் படுக்கையில் இருப்பவரின் கணக்கு எப்போதும் பற்றிலேயே நிற்கும் என்பதால், நோயுற்றோரும் முதியோரும் மிகுந்த குழுக்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேட்காதவர்களை எண்ணுதல்

கேட்டவர்கள் மட்டுமே பதிவேட்டில் இருப்பார்கள். 1995 ஜூலையில் சிகாகோ நகரைத் தாக்கிய வெப்ப அலையில் எழுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்ததை ஆராய்ந்த சமூகவியலாளர் எரிக் க்ளினென்பெர்க், தனியாக வாழ்ந்து, யாருடனும் தொடர்பின்றி, கதவை மூடிக்கொண்டு இறந்தவர்கள் பலர் இருந்ததைச் சுட்டிக்காட்டினார். அத்தகையவர்கள் எந்தக் கோரிக்கைப் பதிவேட்டிலும் வர மாட்டார்கள். அவர்களைக் கண்டறிய ஆண்டுக்கு ஒருமுறையாவது கணக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். முதல் கணக்கெடுப்பை அமைப்பு செயல்படத் தொடங்கும் முன்பே நடத்தினால்தான் பின்னர் ஒப்பிட ஏதேனும் இருக்கும்.

கேள்விகளை நீங்களே புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. லுப்பன் சமூக வலையமைப்பு அளவுகோலின் சுருக்க வடிவத்தில் ஆறே கேள்விகள்தான் உள்ளன: மூன்று குடும்பத்தினரைப் பற்றியவை, மூன்று நண்பர்களைப் பற்றியவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண் இட்டு, மொத்தம் 30க்கு 12க்கும் குறைவாகப் பெறுபவர்களைத் தனிமைப்படும் அபாயம் உள்ளவர்களாகக் கருதுவது வழக்கம். இது முதியவர்களை மனத்தில் கொண்டு உருவாக்கப்பட்டது. மொழிபெயர்த்த கேள்விகளை முதலில் நான்கைந்து பேரிடம் கேட்டு, அவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்று விசாரித்த பிறகே பயன்படுத்துங்கள். ஒருமுறை முடிவுசெய்த வாசகத்தை அடுத்த சுற்றில் மாற்றாதீர்கள்.

இவற்றுடன் இன்னொரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: “இரவில் திடீரென உதவி தேவைப்பட்டால், இந்தக் குழுவில் யாரை அழைப்பீர்கள்? ஐந்து பேர் வரை சொல்லலாம்.” அடுத்த படிக்கான தரவு இந்தக் கேள்வியிலிருந்துதான் வருகிறது. “யாருமில்லை” என்பதும் விடையே என்று கேள்வி கேட்பவர் சொல்லியாக வேண்டும்.

இணைப்பு வரைபடம்

மனிதர்களைப் புள்ளிகளாகவும் உறவுகளைக் கோடுகளாகவும் வரையும் முறையை 1930களில் மனநல மருத்துவர் ஜேக்கப் மொரேனோ பரவலாக்கினார். நியூயார்க் மாநிலத்தில் ஒரு பெண்கள் பள்ளியிலிருந்து 1932இல் இரண்டே வாரங்களில் பதினான்கு மாணவிகள் தப்பியோடியபோது, அவர்களுடைய தனிப்பட்ட குணங்களைவிட ஒருவரோடொருவர் கொண்டிருந்த இணைப்புகளே அதை விளக்குவதாக அவர் வாதிட்டார். உங்களுக்கும் இந்த வரைபடம் அதற்காகவே தேவைப்படுகிறது: பட்டியலில் தெரியாத இடைவெளிகள் இதில் தெரியும்.

கெஃபி என்ற இலவசத் திறமூல மென்பொருள் இதற்குப் போதுமானது. இரண்டு பத்திகள் கொண்ட ஒரு தாளில், முதலாவதில் சொன்னவரின் குறியெண்ணையும் இரண்டாவதில் அவர் குறிப்பிட்டவரின் குறியெண்ணையும் எழுதி, சிஎஸ்வி (CSV) என்ற எளிய உரைக் கோப்பாக யுடிஎஃப்-8 (UTF-8) எழுத்துக் குறியாக்கத்தில் சேமித்து உள்ளிடுங்கள். குறியாக்கம் மாறினால் தமிழ் எழுத்துகள் சிதைந்துவிடும். விடை தராதவர்களின் கோடுகள் வரைபடத்தில் இருக்காது என்பதால், பத்தில் எட்டுப் பேராவது விடை தந்த பின்னரே முடிவுகளைப் பேசத் தொடங்குவது நல்லது.

பார்க்க வேண்டியவை மூன்று. யாராலும் குறிப்பிடப்படாமலும் யாரையும் குறிப்பிடாமலும் தனித்து நிற்கும் புள்ளிகள் முதலில். அவர்களை அந்த வாரமே ஒருவர் நேரில் சந்திக்க வேண்டும். அடுத்து, இரு கூட்டங்களை இணைக்கும் ஒற்றை மனிதர்கள். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் விளக்கியதுபோல, நெருங்கிய உறவுகளுக்குள் ஒரே செய்தியே சுற்றிவருகிறது. புதிய செய்தியும் வாய்ப்பும் பெரும்பாலும் மெல்லிய தொடர்புகளின் வழியாகவே வந்து சேர்கின்றன. அந்தப் பாலமாக நிற்பவர் ஊரைவிட்டுப் போனால் என்ன ஆகும் என்பதை அறிய, கோப்பின் ஒரு நகலில் அவருடைய புள்ளியை நீக்கிவிட்டுப் பாருங்கள். வரைபடம் இரண்டாக உடைந்தால், அவ்விரு கூட்டங்களிலிருந்தும் ஆளுக்கு ஒருவரைச் சேர்த்து ஏதேனும் ஒரு வேலையைக் கூட்டாக ஒப்படைப்பதே மருந்து.

மூன்றாவது, அடர்த்தி. நாற்பது பேருக்கிடையே சாத்தியமான இணைகள் 780. அவற்றில் 117 இணைகளுக்கிடையே தொடர்பு இருந்தால் அடர்த்தி 0.15. எண்பது பேர் ஆகும்போது சாத்தியமான இணைகள் 3160 ஆகிவிடும். எனவே குழு வளர்ந்தாலே அடர்த்தி குறையும். அது சரிவு ஆகாது. அளவில் மாறுபட்ட இரு குழுக்களின் அடர்த்தியை ஒப்பிட்டு எது சிறந்தது என்று சொல்லவும் கூடாது.

இந்த வரைபடத்தைக் கூட்டத்தில் திரையிட வேண்டாம். பெயர்களை நீக்கினாலும், சிறிய குழுவில் எந்தப் புள்ளி யார் என்பதைக் கோடுகளின் அமைப்பிலிருந்தே ஊகித்துவிடலாம். தன்னை யாரும் குறிப்பிடவில்லை என்று ஒருவர் திரையில் கண்டுகொள்வதைப் போன்ற கொடுமை வேறில்லை. அறிக்கைகளிலும் ஐந்துக்குக் குறைவான எண்ணிக்கைகளைத் தனியே வெளியிடாமல் வேறொரு வகையோடு சேர்த்துக் காட்டுங்கள்.

எண்களைக் கொண்டு என்ன செய்வது

மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கூடி, நிறைவேறாத கோரிக்கைகளை ஒவ்வொன்றாக வாசித்து, அடுத்த மூன்று மாதங்களுக்கு ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் முடிவு செய்யுங்கள். பல மாற்றங்களை ஒன்றாகச் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாது. ஒரே மாற்றத்தைச் செய்தாலும்கூட, பருவம், வேலையிழப்பு, தொற்றுநோய் போன்ற வெளிக் காரணங்கள் எண்களை மாற்றியிருக்கக்கூடும் என்பதை அறிக்கையில் குறிப்பிட வேண்டும்.

அளவீடு ஒன்று இலக்காக மாறிவிட்டால் அது நல்ல அளவீடாக நீடிப்பதில்லை என்ற கருத்து, பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975இல் எழுதியதிலிருந்து கிளைத்து அவர் பெயராலேயே வழங்குகிறது. நிறைவேற்ற விகிதத்துக்கு இலக்கு வைத்தால், கடினமான கோரிக்கைகளைப் பதிவு செய்யாமலே விடும் பழக்கம் வந்துவிடும். நிதி தருபவர்கள் இலக்கு கேட்டால், விகிதத்துக்கு வாக்குறுதி தராமல், எத்தனை பேரை நேரில் சந்திப்போம், எத்தனை கோரிக்கைகளில் கேட்டவரைத் திரும்ப அழைப்போம் என்று உங்கள் கையில் உள்ளவற்றுக்கு வாக்குறுதி கொடுங்கள்.

கோப்புகள், படிவம், குழு ஆகிய ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு உரிமையாளர்கள் இருக்க வேண்டும். கடவுச்சொற்களை ஒருவருடைய நினைவில் மட்டும் விட்டுவைக்கக் கூடாது. ஓராண்டு கடந்த கோரிக்கைகளிலிருந்து குறியெண்களை நீக்கி, வகையையும் நேரத்தையும் மட்டும் வைத்துக்கொண்டால் ஒப்பீட்டுக்கு அவை போதும். பிறகு ஆண்டில் ஒரு வாரம், குழுவைத் தொடங்கியவரையும் பாலமாக நிற்பவர்களையும் ஒதுங்கியிருக்கச் சொல்லிவிட்டு, புதியவர் ஒருவரிடம் பதிவேட்டை ஒப்படையுங்கள். ஒதுங்கியிருப்பவர்கள் எட்டும் தூரத்தில் இருந்தால் யாரும் கைவிடப்பட மாட்டார்கள். அந்த வாரத்தின் நிறைவேற்ற விகிதத்தையும் இடைநிலை நேரத்தையும் மற்ற வாரங்களோடு ஒப்பிட்டு, வேறுபாடு எங்கே பெரிதாக இருக்கிறதோ அந்த வேலையையே அடுத்த மூன்று மாதங்களுக்கான மாற்றமாக எடுத்துக்கொள்ளுங்கள்.